ரெண்டரை வண்டி

பச்சைப் பூப்போட்ட பழைய புடவைத் துணியில் தைத்த உறை அது. டிக்கெட் மெஷினுக்கென்றே அளவெடுத்து, திரை தெரிய ஒரு சதுரமும், தாள் வெளியே வர ஒரு கீறலும் விட்டு, ஓரமெல்லாம் கைத்தையல் போட்டிருந்தது. அதை வைத்திருந்தவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே நான் அந்த உறையைத்தான் பார்த்தேன். எங்கள் பணிமனையில் மற்ற கண்டக்டர்களின் மெஷின்கள் மூலை உடைந்து, ரப்பர் பேண்டு சுற்றி, திரையில் கீறல் விழுந்து கிடக்கும். இவருடையது மட்டும் கடையிலிருந்து அன்றைக்குத்தான் வந்ததுபோல இருக்கும். புது மெஷின் கொடுத்த வாரத்தில் அவர் மனைவி தைத்துக் கொடுத்தது என்றும், அடுத்த இரண்டு மாதத்தில் அந்த அம்மா போய்விட்டார் என்றும் பிறகுதான் தெரிந்தது. ஓய்வுபெற இரண்டு வருடம்கூட இல்லாத வயது அவருக்கு. எல்லோரையும்போல நானும் அவரைக் கண்டக்டர் அண்ணன் என்றே கூப்பிட்டேன். பெயர் சொல்லி ஒரு நாளும் அழைத்ததில்லை. இப்போதும் அப்படியே இருக்கட்டும்.

நான் செஞ்சிக்கு வந்தது அப்பாவின் வேலையால். அப்பா கும்பகோணம் பக்கத்தில் அரசு பஸ் டிரைவர். பணியில் இருக்கும்போதே இறந்தார். வாரிசு வேலையாக எனக்குக் கிடைத்தது இந்தப் பணிமனையின் புள்ளிவிவரப் பிரிவில் ஒரு நாற்காலி. ஆற்றங்கரையில் வளர்ந்தவளுக்குச் செஞ்சியின் வெயில் முதலில் ஒரு அடிபோலத்தான் இருந்தது. கடைத்தெருவுக்குப் பின்னால் மாடியில் ஒரு அறை எடுத்தேன். சன்னலைத் திறந்தால் யாரோ கொட்டிவிட்டுப் போன மாதிரி பாறைகள், அவற்றின் மேல் கோட்டைச் சுவர். பகலெல்லாம் சூடு வாங்கிய பாறை, பொழுது சாய்ந்த பிறகும் அனலை விட்டுக்கொண்டிருக்கும். அலுவலகத்தில் எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் ஐந்தரை மணி ஆனால் அவரவர்க்கு ஒரு வீடு இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில், காலையில் பால் வாங்கும்போது பேசிய இரண்டு வார்த்தைதான் அன்றைக்கு முழுவதும் பேசியது என்பது, படுக்கப் போகும்போதுதான் நினைவுக்கு வரும்.

அதனால் வேலையில் ஆழ்ந்தேன். நான் சேர்ந்த ஆண்டில் தலைமையகம் டீசல் சிக்கனத்தையும் காற்று மாசு குறைப்பதையும் பெரிய திட்டமாக எடுத்திருந்தது. கண்டக்டர் ஒவ்வொரு டிக்கெட் அழுத்தும்போதும், பயணி எந்த நிறுத்தத்தில் ஏறினார், எந்த நிறுத்தம் வரை போகிறார் என்பது மெஷினிலிருந்து நேரே என் திரைக்கு வந்துவிடும். அதை வைத்து எந்த நடையில், எந்தத் துண்டுத் தூரத்தில் வண்டி ஆளில்லாமல் ஓடுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு 'காலி ஓட்டம்' என்று பெயர். காலி ஓட்டத்தைக் குறைத்தால் டீசல் மிச்சம், புகையும் மிச்சம். நான் அதை முழுமனதாக நம்பினேன். இன்றைக்கும் அது தவறான நோக்கம் என்று நினைக்கவில்லை. அப்பாவின் நுரையீரல் எப்படிக் கெட்டது என்று பார்த்தவள் நான்.

பிற்பகல் இரண்டரை மணிக்குச் செஞ்சியிலிருந்து கிளம்பும் டவுன் பஸ் ஒன்று உண்டு. ஒரு பெரிய ஊர்வரை கூட்டமாகப் போகும். அதற்கப்பால் ஏரிக்கரை மேல் மூன்று கிலோமீட்டர் ஓடி, மலையடிவாரத்தில் முப்பது வீடுகள் இருக்கும் ஒரு காலனியில் திரும்பும். ஏரிக்கு அப்பாலுள்ள அந்தக் கடைசித் துண்டுக்கு நேராக, என் திரையில் வரிசையாகச் சுழி இருந்தது. வாரத்தில் ஆறு நாள் சுழி. ஒரு நாள் மட்டும் பன்னிரண்டு, பதினான்கு என்று ஏதோ எண் வந்தது. அந்த நாள் வழக்கமான கண்டக்டருக்கு வார ஓய்வு, மாற்று ஆள் போகிற நாள். புதியவர், நிறுத்தம் தெரியாமல் தவறாக அழுத்துகிறார் என்று நான் முடிவு செய்தேன். யாரையும் கேட்கவில்லை. ஆறு நாள் ஒரு மாதிரி, ஒரு நாள் வேறு மாதிரி என்றால் அந்த ஒரு நாள்தானே பிழை? அந்த எண்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, மூன்று மாதத்துக்கும் ஆளே இல்லை என்று அறிக்கை எழுதினேன். மாவட்டக் கூட்டத்தில் எங்கள் பணிமனைக்குப் பாராட்டு கிடைத்தது. மேடைக்குக் கூப்பிட்டு எனக்கு ஒரு சான்றிதழும் வேப்பங்கன்றும் கொடுத்தார்கள். அம்மாவுக்குப் போட்டோ அனுப்பினேன். அடுத்த வாரத்திலிருந்து ரெண்டரை வண்டி ஏரிக்கு இந்தப் பக்கமே திரும்பியது.

ஐந்து வாரம் கழித்து ஒரு முற்பகல், கண்டக்டர் அண்ணன் என் மேசைக்கு எதிரே வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஏம்மா, அந்த ரெண்டரை நடைய இன்னாத்துக்குக் கட் பண்ணாங்க? கொஞ்ச நாள்ல மறுபடியும் வுட்டுடுவாங்கன்னு பாத்தேன்."

"கடைசி ஊருக்கு ஆளே இல்லண்ணா."

"யாரு சொன்னது?"

நான் திரையை அவர் பக்கம் திருப்பினேன். சுழிகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவர் குனிந்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அந்தச் சுழிகளின் ஓரத்தில் எழுதியிருந்த கண்டக்டர் எண் அவருடையது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஒருத்தருமே இல்லன்னா சொல்லுது?" என்றார்.

"ஆமாண்ணா."

"கீரைக்காரம்மா கைய ஒடச்சிக்கினு நிக்குது பஸ் ஸ்டாண்டுல. ஏரிக்கரையில நடந்து போச்சாம். கூடையோட வழுக்கி வுழுந்துட்டுது. எப்பிடிம்மா ஆச்சுன்னா, நீங்கதானே வண்டிய நிறுத்துனீங்கன்னு கேக்குது." அவர் என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்தே பேசினார். "பன்னெண்டு பேரும்மா. எல்லாம் பொம்பளைங்க. ஆம்பளைங்க பைக்குல பூடுவாங்க. நான் அவுங்களுக்கு டிக்கெட் குடுக்கல."

பிறகு உட்கார்ந்தார். நடந்ததைச் சொன்னார். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம்தான். ஆனாலும் ஒவ்வொருவருக்கும் ஒரு டிக்கெட் அழுத்திக் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஒரு சமயம் தாள் ரோல் தட்டுப்பாடு வந்தது. தாளை வீணாக்காதீர்கள், ஒவ்வொரு தாளும் ஒரு மரம் என்று பணிமனைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அவர் அதைப் படித்தார். பெரிய ஊர்வரை போகிறவர்களுக்கு வழக்கம்போலக் கொடுத்துவிட்டு, கடைசி ஊர்ப் பெண்கள் தினமும் வருகிறவர்கள், முகம் தெரிந்தவர்கள், இவர்களுக்கு எதற்குத் தாள் என்று விட்டார். ரோல் வந்த பிறகும் அதே பழக்கமாகிவிட்டது. இன்னொன்றும் இருந்தது. முன்பு இருந்த ஒரு கண்டக்டர் அந்தப் பெண்களிடம், சும்மா போறவங்கதானே, நின்னுக்கினு வாங்க என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து அந்தத் தாளை வாங்கும்போது அவர்கள் கை கூசுவதை இவர் கவனித்திருக்கிறார். "தாள நீட்டுனா தலைய குனியறாங்க. வேணாம், உக்காருங்கன்னு வுட்டுட்டேன். மெஷின்ல இல்லன்னா ஊருலயே இல்லன்னு ஆவும்னு எனக்கு இன்னாத் தெரியும்?"

வார ஓய்வு நாளில் மட்டும் வந்த அந்தப் பன்னிரண்டும் பதினான்கும் பிழை அல்ல என்பது எனக்கு அந்த நொடியில் விளங்கியது. மாற்றுக் கண்டக்டர் விதிப்படி அழுத்திய டிக்கெட்டுகள். ஏழில் அந்த ஒரு நாள்தான் சரி, மற்ற ஆறும்தான் தவறு. அதைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து அவர் ஒரு கடிதத்தோடு வந்தார். கோடு போட்ட தாளில், அழகான கையெழுத்தில் இருந்தது. இத்தனை மாதமாகக் கடைசி நிறுத்தப் பயணிகளுக்கு டிக்கெட் வழங்காதது என் தவறு, பயணிகள் இல்லை என்பது உண்மையல்ல, நடையை மறுபடி விட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். கட்டணமில்லா டிக்கெட்டாக இருந்தாலும் கொடுக்காமல் விட்டது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரிய குற்றம். ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தது அவருக்கு.

"இதக் குடுக்காதீங்கண்ணா. மறுபடியும் ஆய்வு பண்ணணும்னு நானே எழுதுறேன்."

"ஓடாத வண்டியில யாரு ஏறுவா, நீ யார எண்ணுவ? வேற இன்னா அத்தாட்சி இருக்குது நம்மகிட்ட?"

அத்தாட்சி இருந்தது. என் கணினியிலேயே இருந்தது. நீக்கிவைத்த அந்த வார ஓய்வு நாள் எண்களை எடுத்துக் காட்டியிருந்தால், அவர் எழுதிக் கொடுக்காமலே வண்டியை மீட்டிருக்கலாம். விசாரித்தால் அவர்மேல் சந்தேகம் வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம். ஆனால் என்மேல் நிச்சயம் வந்திருக்கும். எண்களை ஏன் நீக்கினாய் என்று கேட்டிருப்பார்கள். சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. சான்றிதழ் சுவரில் தொங்கியது. "வேற ஒண்ணும் இல்லண்ணா" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் கடிதத்தை எடுத்துக்கொண்டு கிளை மேலாளர் அறைக்குப் போனார். கதவு சாத்தியிருந்த அந்தப் பத்து நிமிடத்தில் நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

கிளை மேலாளர் கெட்டவர் இல்லை. அந்த வாரமே ரெண்டரை வண்டியை மறுபடி கடைசி ஊர்வரை விட்டார். ஆனால் எழுத்தில் வந்ததை அவரால் கிழித்துப் போட முடியாது. மெமோ வந்தது, விளக்கம் கேட்டார்கள், விசாரணை தொடங்கியது. முடியும்வரை வழித்தடத்தில் போகக் கூடாது என்று சொல்லி அவரைப் பணிமனை வாசலில், வண்டிகள் வந்துபோகும் நேரம் குறிக்கும் அறையில் உட்கார வைத்தார்கள். டிக்கெட் மெஷினைத் திருப்பிக் கொடுத்தபோது உறையை மட்டும் உருவி சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டாராம். நான் பார்க்கவில்லை, சொன்னார்கள். முப்பது வருடம் நின்றுகொண்டே, ஆளுக்கு ஒரு வார்த்தை பேசிக்கொண்டே வேலை பார்த்தவர். அந்த அறையில் அவரிடம் பேச வந்ததெல்லாம் டிரைவர்கள் வெளியிலிருந்து கத்திச் சொல்லும் வண்டி எண்கள்தான். மதியச் சாப்பாட்டுக்கு நான் அங்கே போகத் தொடங்கினேன். அவர் வீட்டில் தனியே பொங்கிக் கொண்டுவந்த சோற்றையும் நான் அறையில் தனியே பொங்கிக் கொண்டுவந்த சோற்றையும் எதிரெதிரே வைத்துச் சாப்பிடுவோம். "உங்க நைனா எந்த ரூட்டும்மா ஓட்டுனாரு?" என்று கேட்பார். ஒரே கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறார், நானும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வதுபோலச் சொல்லியிருக்கிறேன். அப்போதெல்லாம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தொண்டைவரை வரும். தண்ணீர் குடிப்பேன்.

விசாரணை முடியாமலே அவருக்கு ஓய்வு நாள் வந்தது. எங்கள் பணிமனையில் ஒருவர் ஓய்வுபெற்றால் மாலை போட்டு, ஜீப்பில் வீடுவரை கொண்டுபோய் விடுவார்கள், பின்னால் இரண்டு பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். நடவடிக்கை நிலுவையில் இருக்கும்போது அதெல்லாம் கூடாது என்றார்கள். அன்றைக்கு மேல்மலையனூர் அமாவாசை வேறு. பாதி வண்டிகள் சிறப்புப் பேருந்தாக அங்கே போயிருந்தன, பணிமனை வெறிச்சென்று இருந்தது. ஐந்தரைக்கு அவர் தம் டிபன் பாக்ஸைக் கழுவிப் பையில் போட்டார். வாசல்வரை நான் கூடப் போனேன். "சரிம்மா, வரேன்" என்றார். மறுநாளும் வரப்போகிறவர்போல நடந்து போனார். சில மாதத்தில் எச்சரிக்கையோடு விசாரணையை முடித்தார்கள். அந்தத் தகவல் போய்ச் சேர்ந்தபோது அவர் செஞ்சியிலேயே இல்லை. வீட்டைக் காலி செய்துகொண்டு ஓசூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். ஆறாவது மாடி என்று சொன்னார்.

அங்கிருந்து ஞாயிறு தவிர தினமும் நான்கு மணிக்கு எனக்குப் போன் வரும். நலம் விசாரிப்பு கிடையாது.

"ரெண்டரையில இன்னிக்கு எத்தினி பேரு?"

"கடைசி ஊருக்குப் பன்னிரண்டுண்ணா."

"ஆங். வச்சிடட்டுமா."

அவ்வளவுதான் பேச்சு. அமாவாசை அன்று மட்டும் கூப்பிட மாட்டார், வண்டி மேல்மலையனூருக்குப் போயிருக்கும் என்று அவருக்குத் தெரியும். மூன்றேமுக்கால் ஆனால் என் கண் கடிகாரத்துக்குப் போகும் அளவுக்கு அது எனக்குப் பழகிவிட்டது. ஒருமுறை பதினொன்று என்றேன். "யாரு வரல?" என்றார். எனக்கு என்ன தெரியும்? என்னிடம் இருந்தது எண் மட்டும். "மெஷின்ல பேரு வராதுண்ணா" என்றேன். "அதான் கேக்கறேன், யாரு வரல?" என்றார் மறுபடி. அவர் கேட்டது என்னையல்ல என்று தோன்றியது. அந்த ஆறாவது மாடியிலிருந்து அவர் பன்னிரண்டு முகங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் எண் மறுபடி பன்னிரண்டு ஆனதும், கேட்கும் முன்பே நானே போன் செய்து சொன்னேன். பெருமூச்சு விட்டது கேட்டது.

போன ஆடி மாதத்தில் ஒரு நாள் போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அடுத்து அமாவாசை, அதனால் இருக்கும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். ஒருவர் கூப்பிடுவதும் நான் காத்திருப்பதும்தான் எங்கள் வழக்கம். நானாகக் கூப்பிடலாமா என்று ஒரு வாரம் யோசித்துக்கொண்டிருந்தேன் என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கூப்பிட்டபோது அவர் மகள் எடுத்தார். அவர் இறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

"எல்லாருக்கும் சொன்னோம்ங்க. உங்க நம்பருதான் யாருன்னு தெரியல" என்றார் அந்தப் பெண். "போன்ல 'ரெண்டரை'ன்னு போட்டு வச்சிருக்காரு. இன்னாவோ டாக்டர் டைமுன்னு நெனச்சோம். நீங்க யாருங்க?"

கூட வேலை பார்த்தவள் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

மறுநாள் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். இத்தனை வருடத்தில் அந்த வண்டியில் நான் ஏறியதே இல்லை. பெரிய ஊர் வந்ததும் கூட்டம் இறங்கியது. காலிக் கூடைகளோடு பெண்கள் மட்டும் மிஞ்சினார்கள். ஏரிக்கரை மேல் வண்டி ஏறியபோது, எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்டக்டர் அண்ணன் இறந்துவிட்டார் என்று சொன்னேன். முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஒருத்தி, "அந்தத் துணி சுத்துன மிஷினு வச்சிருப்பாரே, அவுரா?" என்றாள். முன் சீட்டில் ஒரு வயதான அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். வலது மணிக்கட்டு கோணலாகச் சேர்ந்திருந்தது. கீரைக்காரம்மா.

"நீ அவுரு பொண்ணாம்மா?" என்றார்.

"இல்லம்மா. நான் ஆபீசுல வேலை பாக்குறேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். "உங்க வண்டிய நிறுத்துனது அவரு இல்லம்மா. நீங்கள்லாம் வர்றது கம்ப்யூட்டர்ல வாரத்துல ஒரு நாள் தெரிஞ்சிது. நான்தான் அத அழிச்சிட்டேன். அவருக்குக்கூட நான் இதச் சொல்லல."

வண்டி குலுங்கிக்கொண்டு போனது. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கீரைக்காரம்மா தம் கையைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்துப் பார்த்தார். "அவுருதான் நிறுத்துனாருன்னு நெனச்சி, கட்டுப் போட்ட கையோட பஸ் ஸ்டாண்டுல வச்சி ஏசிட்டேன்மா" என்றார். "ஒரு வார்த்த எதிர்த்துப் பேசல அந்த மனுசன்." ஊர் வந்தது. பன்னிரண்டு பேரும் இறங்கினார்கள். ஒருத்தி மட்டும் திரும்பி, வெயில்ல வந்திருக்கியே, தண்ணி குடிக்கிறியா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அவர்கள் கூடைகளைத் தலைகீழாகத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு வீடுகளுக்கு நடந்தார்கள்.

வண்டி திரும்பியது. அந்த நேரத்தில் அங்கிருந்து செஞ்சிக்கு யாரும் வருவதில்லைபோல. ஐம்பது சீட்டில் நான் ஒருத்தி. இளம் கண்டக்டர் முன்னால் டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தவர், நினைவு வந்தவராக எழுந்து வந்து, ஒரு டிக்கெட்டை அழுத்திக் கொடுத்துவிட்டுப் போனார். ஏரியில் தண்ணீர் இல்லை. தூரத்தில் பாறைமலைகள் வெயிலில் வெளுத்து நின்றன.

மறுநாள் காலை அலுவலகம் போய்த் திரையைத் திறந்தேன். ரெண்டரை வண்டி, போகும் நடை, கடைசி ஊர்: பதின்மூன்று. திரும்பும் நடை: ஒன்று. அந்த ஒன்று யார் என்று கேட்க எனக்குப் போன் வராது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நான்.